காற்றும் வெயிலும் மின்வாரியத்தின் கடிகாரமும்

கேள்வி இதுதான்: "வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லாத தமிழ்நாட்டில் மின்வாரியம் ஏன் இன்னும் நிலக்கரி வாங்கிக்கொண்டிருக்கிறது? சோலாரையும் காற்றாலையையும் இன்னும் நிறைய நிறுவினால் முடிந்துவிடாதா? பசுமை மின்சாரத்தைப் பெருக்குவது என்றால் ஒரு வாரியம் உண்மையில் என்னதான் செய்கிறது? என் வீட்டு மாடியில் நான் சோலார் போட்டால் அதற்கு உதவியா, உபத்திரவமா?"

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். அப்புறம், நாளைக்கு எத்தனை யூனிட் வரும் என்று காற்றாலைக்காரர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு மாறினேன். முதல் வேலையில் இருந்தபோது எனக்கும் உங்களுடைய சந்தேகம்தான் இருந்தது: ஆடி மாதத்தில் இவ்வளவு காற்று அடிக்கிறதே, இன்னும் ஆயிரம் காத்தாடி நட்டால் என்ன? இரண்டாவது வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது, காத்தாடி நடுவது இதில் சுலபமான பங்கு. மின்வாரியத்தின் மற்ற எல்லாமும் (அனல் நிலையம், அணை, கம்பி, பம்ப்செட், கட்டண அட்டவணை) ஒரு பழைய கடிகாரத்துக்குப் பழகியவை. அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதுதான் பெரிய வேலை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செய்தித்தாளில் "இத்தனை ஆயிரம் மெகாவாட்" என்று வருவது நிறுவுதிறன், அதாவது எல்லா இயந்திரமும் முழு வீச்சில் ஓடினால் தரக்கூடிய அளவு. தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் இன்று தனித்தனியே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. மாநிலத்தின் மின்தேவை இதுவரை தொட்ட உச்சங்களில் ஒன்று 2024 மே 2-ம் தேதி பதிவான 20,830 மெகாவாட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு சரியாகிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்குத் தருவது சுமார் 16 லட்சம் யூனிட். நன்றாக ஓடும் அனல் நிலையத்தில் அதே ஒரு மெகாவாட் 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரும். காற்றாலை இந்த இரண்டுக்கும் நடுவில், சோலாருக்குக் கிட்டத்தில் நிற்கும். பழைய இயந்திரம் என்றால் சோலாருக்கும் கீழே. அதைவிட முக்கியம், அந்த யூனிட் எந்த மணிக்கு வருகிறது என்பது. மார்கழியில் ஒரு சாயங்காலம் 10,000 மெகாவாட் காற்றாலையும் சேர்ந்து சில நூறு மெகாவாட் தந்தால் அதுவே பெரிய விஷயம். நான் வேலை பார்த்த காட்டில் அந்த மாதங்களில் காத்தாடி அசையாமல் நிற்கும். கியர் பாக்ஸ் எண்ணெய் மாற்றவும், இறக்கையில் ஏறிப் பழுது பார்க்கவும் எங்களுக்கு வசதியான காலம் அதுதான்.

வாரியத்துக்குப் பசுமை மின்சாரம் புதிதும் அல்ல. 1932-ல் பைக்காரா ஓடத் தொடங்கியபோதும் பிறகு மேட்டூர், பாபநாசம் வந்தபோதும் நம் ஊர்களில் விளக்கெரித்தது பெரும்பாலும் தண்ணீர்தான். 1957-ல் மின்வாரியம் அமைந்த காலத்தில், கனடாவின் உதவியோடு நீலகிரியில் குந்தா திட்டம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அனல் நிலையங்கள் பெருகியது அதற்குப் பின்னால். தண்ணீருக்கும் காற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்ணீரைத் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிடலாம். காற்றைத் தேக்க அணை கிடையாது.

காற்றாலை இங்கே வந்த கதை 1986-ல், தூத்துக்குடிப் பக்கத்தில் மாதிரிக்காக நிறுவிய சிறிய இயந்திரங்களோடு தொடங்குகிறது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று ஒரு சாதாரணத் தொழிற்சாலை தன் கூரையிலேயே அதைவிட அதிகமாக சோலார் போட்டுக்கொள்கிறது. அதே காலத்தில் குஜராத்தின் ஓகாவிலும் மராட்டியத்தின் ரத்னகிரியிலும் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஆனால் இயற்கை நமக்கு ஒரு சலுகை கொடுத்திருந்தது. தென்மேற்குப் பருவக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மறித்த காற்று பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்களின் வழியாகப் புனலில் ஊற்றியதுபோலப் பாய்ந்து வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். முப்பந்தலில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. டவர் உச்சியில் கையிலிருந்த ஸ்பேனர் பறந்து பார்த்திருக்கிறேன்.

இந்தக் காத்தாடிகளில் பெரும்பாலானவற்றை நட்டது வாரியம் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து மில் முதலாளிகள்தான் போட்டார்கள். வருமான வரியில் தேய்மானக் கழிவு அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. தொண்ணூறுகளில் முதலீடு முழுவதையும் முதல் வருடத்திலேயே கழித்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு. பிறகு 80 சதவீதமாகி, 2017-ல் 40 சதவீதமாகக் குறைந்தது. வாரியம் கொடுத்த பெரிய சலுகை வேறு: பேங்கிங். காற்று சீசனில் உங்கள் காத்தாடி கொடுத்த யூனிட்டை உங்கள் மில் முழுவதும் பயன்படுத்த முடியவில்லையா, மீதியை வாரியம் வாங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளும்; தை, மாசியில் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பத்தாயத்தில் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு வேண்டும்போது அளந்துகொள்வதுபோல.

ஆனால் பத்தாயம் என்று ஒன்று அங்கே கிடையாது. ஆடியில் வந்த யூனிட்டை வாரியம் அந்த நிமிடமே செலவழித்துவிடுகிறது. மாசியில் நீங்கள் கேட்கும்போது, வெளியில் விலை கொடுத்து வாங்கியோ நிலக்கரி எரித்தோதான் தர முடியும். அறுவடைக் காலத்து விலையில் வாங்கிய நெல்லைப் பஞ்ச காலத்தில் படி மாறாமல் திருப்பிக் கொடுக்கும் வியாபாரம் இது. இதற்குக் கூலியாக வாரியம் பிடித்துக்கொள்ளும் பங்கு ஒரு காலத்தில் 5 சதவீதம். 2018-ல் ஒழுங்குமுறை ஆணையம் அதை 14 சதவீதமாக்கியது. காற்றாலைக்காரர்கள் "இது அநியாயம்" என்றார்கள், வாரியம் "இதுவே போதாது" என்றது. இரண்டு தரப்பின் கணக்கையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பேங்கிங் இல்லாமல் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணிக் காற்றாலை மாநிலமாக ஆகியிருக்காது. அதேபோல, அந்தச் சலுகையை என்றைக்கும் அப்படியே கொடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

அடுத்தது கம்பி. தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, தேனி மாவட்டங்களிலும் மேற்கே உடுமலைப் பக்கமும்தான் காற்று அடிக்கிறது. பெரிய செலவு நடப்பது சென்னையிலும் கோவை வட்டாரத்திலும். காத்தாடி ஒன்றை ஆறு மாதத்தில் எழுப்பிவிடலாம். 400 கிலோவோல்ட் லைன் ஒன்றை இழுக்க, நிலம், வனத்துறை அனுமதி, தோட்டத்துக்காரரின் வழக்கு எல்லாம் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஓடிவிடும். அதனால் எந்த வாரியமாக இருந்தாலும் கம்பி முன்னால் போக வேண்டும், ஆலை பின்னால் வர வேண்டும். நம் ஊரில் பல காலம் இது தலைகீழாக நடந்தது. 2010 தொடங்கி சில வருடங்கள், மாநிலத்தில் பல மணி நேர மின்வெட்டு இருந்த அதே காலத்தில், காற்று சீசனில் லைனில் இடமில்லாமல் காத்தாடிகளை நிறுத்தி வைத்ததும் நடந்தது. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், ஏரி மறுகால் போகிறது, நடுவில் வாய்க்கால் மட்டும் இல்லை.

அப்போது இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு (கிரிட்) நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அலைவரிசையில் இணையாமல் தனித் தீவாக இருந்தது. 2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்ததற்குக் காரணம் அதுதான். மிஞ்சிய காற்று மின்சாரத்தை வெளியே அனுப்ப வழி குறைவாக இருந்ததற்கும் காரணம் அதுதான். 2013 டிசம்பர் 31-ம் தேதி ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் ஓடத் தொடங்கியதும் தீவு கரையோடு சேர்ந்தது. அதன் பிறகு பசுமை வழித்தடம் என்ற பெயரில் கயத்தாறு, கானார்பட்டி, தப்பகுண்டு, ஆனைக்கடவு, ராசிபாளையம் என்று காற்றுக் காட்டுக்குள்ளேயே பெரிய துணைமின் நிலையங்கள் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூர் வரை, 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன் ஒன்று 6,000 மெகாவாட் கொள்ளளவோடு வந்தது. அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் வரத்தான் அது என்று சிலர் குறை சொல்வார்கள். வரும் வழி, திருப்பினால் போகும் வழியும் ஆகும். சீசனில் நம்மிடம் மிஞ்சும்போது வடக்கே அனுப்பவும் அது உதவும்.

இனி நீங்கள் கேட்ட நிலக்கரிக்கு வருகிறேன். வாரியம் தனியாரிடமும் மத்திய நிலையங்களிடமும் போட்டிருக்கும் அனல் மின்சார ஒப்பந்தங்களில் விலை இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று நிலைக்கட்டணம், நிலையம் தயாராக நிற்பதற்கான வாடகை. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும். இன்னொன்று எரிபொருள் கட்டணம், எடுத்த யூனிட்டுக்கு மட்டும். காற்று மின்சாரம் யூனிட் மூன்று ரூபாய்க்கு வந்தால், வாரியத்துக்கு மிச்சமாவது அனல் மின்சாரத்தின் முழு விலை அல்ல, எரிபொருள் பங்கு மட்டும்தான். அது சில நிலையங்களில் மூன்று ரூபாய்க்கும் குறைவு. அந்த மணியில், வாரியத்தின் கணக்காளர் கண்ணுக்கு, காற்று மின்சாரம் மலிவானதாகத் தெரியாது. வாடகை கொடுத்த வீடு பூட்டிக் கிடக்க, லாட்ஜில் ரூம் எடுத்ததுபோலத் தெரியும். பசுமை மின்சாரத்தைப் பெருக்க நினைக்கும் வாரியம் முதலில் செய்ய வேண்டியது, இருபத்தைந்து வருடத்துக்குப் புதிய அனல் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுமுன் நூறு முறை யோசிப்பது. சோலார் டெண்டரைவிட இந்தக் கையெழுத்துதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

அனல் நிலையத்தை நினைத்தபடி குறைக்கவும் முடியாது. தூத்துக்குடி நிலையத்தில் இருப்பதுபோன்ற 210 மெகாவாட் அலகை நிறுத்திவிட்டால் கொதிகலன் ஆறிவிடும். திரும்பச் சூடேற்றி ஓடவிட பல மணி நேரமும் நிறைய எண்ணெயும் வேண்டும். சாயங்காலம் அது கட்டாயம் தேவைப்படும் என்பதால் மதியம் குறைந்த சூட்டில் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பதற்கு இப்போதைய விதி 55 சதவீதம். அதை 40 சதவீதத்துக்கு இறக்க மத்திய மின்சார ஆணையம் சொல்லிவருகிறது. அடுப்பைச் சிம்மில் வைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் அணைந்துவிடும். அந்த எல்லையைக் கீழே இறக்க பர்னர், கட்டுப்பாட்டுக் கருவிகள் என்று பழைய நிலையங்களில் செலவு செய்ய வேண்டும். இப்படிச் செலவழிக்கும் பணமும் பசுமை மின்சாரத்துக்கான முதலீடுதான். யாரும் இதற்கு ரிப்பன் வெட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கையில் பணமும் இல்லை, கம்பியிலும் இடமில்லை, அனலையும் குறைக்க முடியவில்லை என்றால் கடைசியில் கை வைப்பது சோலாரிலும் காற்றாலையிலும்தான். சட்டப்படி இவை 'ஓட விட்டே தீர வேண்டிய' நிலையங்கள். தொகுப்பின் பாதுகாப்புக்காக மட்டுமே குறைக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டுச் செலவு கணக்குக்காக சோலாரைக் குறைத்தார்கள் என்று சூரிய மின் உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்று, ஒப்பந்த விலையில் 75 சதவீதம் இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மற்ற மாநிலங்களிலும் பேசப்பட்டது. இப்படிக் குறைப்பார்கள் என்ற பயம் இருந்தால் அடுத்த டெண்டரில் எல்லோரும் விலையை ஏற்றித்தான் கேட்பார்கள். கடன் கொடுக்கும் வங்கியும் வட்டியை ஏற்றும்.

விலை விஷயத்தில் டெண்டர் முறை செய்த மாற்றம் பெரியது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் எழுந்தது. அப்போது அது உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று. அந்த மின்சாரத்துக்கு ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அடுத்த வருடமே, 2017-ல், ஏல முறையில் 1,500 மெகாவாட் கேட்டபோது 3 ரூபாய் 47 பைசாவுக்கு வந்தது. முன்னால் ஓடியவர்கள் அதிக விலை கொடுத்தார்கள் என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் அன்று யாரும் வாங்காமல் இருந்திருந்தால் விலை இறங்கியிருக்குமா என்று தெரியாது.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

அனல் நிலையம் இரவும் பகலும் ஒரே சீராக ஓட விரும்பும். ஊரோ இரவில் தூங்கும். ஆகவே பழைய காலத்தில் வாரியத்துக்கு மலிவான நேரம் நள்ளிரவு. எல்லா ஏற்பாடும் அதைச் சுற்றியே அமைந்தது. தொழிற்சாலைக்கு இரவு 10 முதல் காலை 5 மணி வரை கட்டணத்தில் 5 சதவீதத் தள்ளுபடி. விவசாய பம்ப்செட்டுக்கு மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், மிச்சம் மூன்று மணி நேரம் இரவில். எத்தனை விவசாயிகள் டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்துகொண்டு நடுராத்திரியில் மோட்டார் போடப் போனார்கள்! கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களின் கடைசியில் வந்தது. இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது அதன் வேலை. நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் முக்கால் பங்குதான் திரும்ப வரும். ஆனால் மலிவான நேரத்தில் நூறு கொடுத்து, தட்டுப்பாடான நேரத்தில் எழுபத்தைந்தை வாங்குவது லாபமே.

சோலார் இதையெல்லாம் தலைகீழாக்கிவிட்டது. இப்போது மலிவான நேரம் மதியம் 11 முதல் 3 வரை. வாரியம் செய்ய வேண்டியது, இரவுக்குத் தள்ளி வைத்திருந்த வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பகலுக்கு இழுத்து வருவது. காடம்பாறையில் பகலில் தண்ணீர் ஏற்றலாம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பம்ப்செட்டுகள் பகலில் ஓடினால் விவசாயிக்கும் தூக்கம், வாரியத்துக்கும் லாபம். 2021-ல் விவசாயத்துக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று அறிவித்தார்கள். விவசாயிக்கு அது நல்ல செய்திதான், ஆனால் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றால் சாயங்காலம் ஆறரைக்கும் போடலாம் என்று ஆகிறது. பம்ப்செட் மின்சாரம் இலவசம் என்பதால் விலையைக் காட்டி நேரத்தை மாற்றச் சொல்லவும் முடியாது. விவசாய லைனை வீட்டு லைனிலிருந்து தனி ஃபீடராகப் பிரித்தால்தான் இதில் ஏதாவது செய்ய முடியும். குஜராத் இருபது வருடத்துக்கு முன்பே அதைச் செய்துவிட்டது.

தொழிற்சாலைகளுக்கு விலை பேசும். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த விதி, வெயில் நேரத்துக் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்துக் கட்டணம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே உயரழுத்த இணைப்புகளுக்குக் காலையிலும் மாலையிலும் 25 சதவீதம் கூடுதல் கட்டணம் இருக்கிறது. மதியத்துக்குத் தள்ளுபடி கொடுத்து, இரவுத் தள்ளுபடியை எடுத்தால், ஐஸ் கம்பெனியும் சாயப்பட்டறையும் குளிர்பதனக் கிடங்கும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். நூற்பாலை மூன்று ஷிப்ட் ஓடுவது, அதற்கு மாற்றம் கஷ்டம். எல்லோரையும் மாற்றத் தேவையும் இல்லை.

நீலகிரியின் புனல் நிலையங்களுக்கும் புது வேலை வந்திருக்கிறது. காற்று நன்றாக அடிக்கும் நாளில் தண்ணீரைத் திறக்காமல் சேமித்து, காற்று விழுந்த நிமிடத்தில் திறக்கலாம். சில நிமிடங்களில் முழு உற்பத்திக்கு வந்துவிடும். அனலுக்கு இது முடியாது. மேட்டூரிலும் பாபநாசத்திலும் இந்தச் சௌகரியம் குறைவு. அங்கே தண்ணீர் திறப்பது பாசனத்துக்காக, மின்சாரம் உபரி வரவு. டெல்டாவில் நாற்று நிற்கும்போது, காற்று அடிக்கிறது, மதகை மூடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இத்தனையும் செய்தாலும் ஒரு நேரம் மிஞ்சும்: மாசி முதல் சித்திரை வரையான சாயங்காலம். காற்று சீசன் வைகாசியில்தான் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் மாலையிலும் காற்று நிற்காது, கவலையில்லை. மாசியில் அது கிடையாது. சூரியன் ஆறரைக்குப் போய்விடும், ஏசி எல்லாம் ஏழு மணிக்கு மேல் ஓடத் தொடங்கும், படுக்கையறை ஏசி விடிய விடிய ஓடும். கணக்குக்காக, மாலை 6 முதல் 10 வரை சராசரி 16,000 மெகாவாட் என்று வையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு 6.4 கோடி யூனிட். ஆயிரம் மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரும் பேட்டரி வைத்தால் கிடைப்பது 40 லட்சம் யூனிட், அதாவது பதினாறில் ஒரு பங்கு. சின்னதுதான், ஆனாலும் உச்சியைக் கிள்ளி எடுக்க அது போதும்; வெளிச்சந்தையில் யூனிட் பத்து ரூபாய்க்கு விற்கும் நேரம் அதுதானே. பேட்டரியின் விலை இறங்கிக்கொண்டே வருவதால் வாரியங்கள் இப்போது சோலார் டெண்டரோடு பேட்டரியையும் சேர்த்துக் கேட்கின்றன. நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி – எமரால்டு அணைகளுக்கும் நடுவே 500 மெகாவாட்டுக்குக் குந்தா நீரேற்றுத் திட்டத்தைப் பல வருடமாகக் கட்டுகிறார்கள். பேட்டரியைச் சில மாதங்களில் இறக்கி வைத்துவிடலாம். மலைக்குள் சுரங்கம் தோண்டுவது அப்படியல்ல. ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் நீரேற்று நிலையம் ஐம்பது வருடம் ஓடும்.

என் தற்போதைய தொழிலான முன்கணிப்பைப் பற்றி இரண்டு வரி. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரும் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், தவறினால் அபராதம். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இதில் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்கிறது. நாளைக்குக் காற்று 4,000 மெகாவாட் வரும் என்று நம்பிக்கையாகச் சொல்ல முடிந்தால், மின்சுமை பகிர்வு மையம் இன்றே இரண்டு அனல் அலகுகளை நிறுத்தி வைக்கலாம். நம்பிக்கை இல்லையென்றால் அவற்றைச் சும்மா ஓடவிட்டுத்தான் தூங்கப் போவார்கள்.

பிறகு பழைய காத்தாடிகள். ஆரல்வாய்மொழி போன்ற முதல் தரக் காற்று அடிக்கும் இடங்களில் நிற்பவை தொண்ணூறுகளின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அதே இடத்தில் உயரமான டவரில் ஒரு 2.5 மெகாவாட் இயந்திரம் வைத்தால், பத்தைக் கழற்றிவிட்டு ஒன்றை வைத்து, அந்தப் பத்தும் தந்ததைவிட அதிகமாக எடுக்கலாம். பழையவற்றுக்கு இன்னொரு கோளாறு: லைனில் மின்னழுத்தம் ஒரு நொடி சரிந்தால் எல்லாம் கூட்டமாக லைனை விட்டு விலகி நின்றுவிடும். புதியவை தாக்குப்பிடிக்கும். ஆனால் பத்துக் காத்தாடிக்கும் பத்து முதலாளி. ஒருவர் மகன் வெளிநாட்டில், ஒருவர் சொத்து வழக்கில், இன்னொருவர் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்கிறார். இயந்திரங்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியும் பெரிய இறக்கைக்குப் போதாது. 2024-ல் இதற்கென்று மாநில அரசு தனிக் கொள்கை கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் புதிதாக ஆயிரம் ஏக்கர் தேடுவதைவிட இந்த முடிச்சை அவிழ்ப்பதில்தான் வாரியம் ஆளைப் போட வேண்டும். அதே 2024-ல் வாரியத்தைப் பிரித்து பசுமை எரிசக்திக் கழகம் என்று ஒன்றைத் தனியாக அமைத்ததற்கு ஒரு காரணம், கடனில் மூழ்கிய பழைய நிறுவனத்தின் பெயரில் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்காது என்பது. பெயர்ப்பலகை மாறினால் வட்டி குறையுமா என்பது கடன் கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. விற்ற மின்சாரத்துக்கு மாதாமாதம் பணம் வந்தால் அவர் மனசு தானாக இளகும்.

மன்னார் வளைகுடாக் கடலில் காற்றாலை என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய அரசு 2024-ல் தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்கு உதவித்தொகை ஒதுக்கியது. கடலில் காற்று சீரானது, ஆனால் செலவு பல மடங்கு. இன்றைய கேள்விக்கு அது பதில் அல்ல.

கடைசியாக, உங்கள் மாடி. உதவியா, உபத்திரவமா? கம்பியைப் பார்த்தால் உதவி. நீங்கள் எடுக்கும் யூனிட் முப்பந்தலிலிருந்து இரண்டு டிரான்ஸ்பார்மர், மூன்று லைன் தாண்டி வர வேண்டியதில்லை. வழியில் சேதாரம் இல்லை. பணத்தைப் பார்த்தால், நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீட்டுக்கு வாரியம் கொடுக்கும் மின்சாரமே நஷ்டம். அவர்கள் மாடியில் போட்டால் வாரியத்துக்கு மிச்சம், ஆனால் அவர்களுக்கோ போடக் காரணமே இல்லை. ஏசி நான்கு ஓட்டும் பெரிய வீடும் கடையும்தான் அதிகக் கட்டணம் கட்டுபவை. அவர்கள் போட்டால் அவர்களுக்கு லாபம், வாரியத்துக்கு நல்ல வாடிக்கையாளர் கை நழுவுகிறார். மாடி சோலாருக்கு வாரியங்கள் வேண்டாவெறுப்பாக முகம் காட்டுவதன் ரகசியம் இதுதான்.

உங்கள் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதென்றால் தயங்காமல் போடுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. தெற்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகு வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் கிரைண்டரையும் காலை ஆறு மணியிலிருந்து மதியம் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இட்லிக்கு மாவு மதியம் அரைத்தாலும் மறுநாள் காலைக்குள் பொங்கிவிடும்.